பக்கம் பதினான்கு, இடது ஓரம்

ஊட்டியில், சேரிங்கிராஸ் பக்கம் ஒரு விடுதியின்
சாப்பாட்டு அறையில் மேசை போட்டிருந்தார்கள்.
மூன்று பேர் நாங்கள். ஒரு ஹீட்டர்.
அது ஜெகந்நாதன் சாரின் காலுக்கு மட்டும் எரிந்தது.

மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள்,
முழு மனிதரைப் பாருங்கள் என்று
சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
முழு மனிதருக்கு ஆறு கட்டம்.
கட்டத்துக்குப் பத்து.

காலையில் வந்த பையனின் கோப்பு
கல்யாண ஆல்பத்தின் கனம்.
குதிரையேற்றம், பியானோ, பேச்சுப்போட்டிக் கோப்பை.
பதினான்காம் பக்கத்தில் சமூகத் தொண்டு:
சேரம்பாடி லைன் வீடுகளில் மூன்று வாரம்
பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்திருக்கிறான்.
நல்ல பையன். நிஜமாகவே நல்ல பையன்.
ஷூவுக்குள் அட்டை ஏறிய கதை சொல்லி
மூன்று பேரையும் சிரிக்க வைத்தான்.
ஒன்பது போட்டேன்.

மூன்றரைக்கு நிரோஷினி.
கூடலூரில் பஸ் மாறி,
நடுவட்டம் ஏற்றத்தில் வாந்தி எடுத்து,
முகம் கழுவிய ஈரத்தோடு.
கோப்பு என்று ஒன்றும் இல்லை,
பிளாஸ்டிக் உறையில் நாலு தாள்.
'பாடத்துக்கு வெளியே செய்தவை' என்ற இடத்தில்
ஒரு கோடு.
ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

ஏதாவது இருக்குமே, என்றேன்.
"லீவுல, கொழுந்து நிறுக்குற எடத்துல
கணக்கு எழுதுவேன் மேடம்.
ஆனா அது அம்மா பேர்ல."
தலைமைப் பண்பு?
"இல்ல மேடம்."
தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டது?
"எந்தத் தோல்வி மேடம்?"
தேதி கேட்பது போலக் கேட்டாள்.

அப்போதுதான் காலைக் கோப்பு
மேசையிலிருந்து சரிந்து தரையில் விரிந்தது.
எடுத்துத் தரக் குனிந்தவள்
குனிந்தபடியே சொன்னாள்: "அட, எங்க லைன்."

படத்தில் பையன் கரும்பலகை முன்னால்
கை விரித்து நிற்கிறான்.
எதிரே ஒரு கும்பல் வாண்டுகள்.
இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு,
இடுப்பில் யார் வீட்டுக் குழந்தையோடோ
வாய் திறந்தபடி ஒருத்தி.

நீயா?
"அந்த அண்ணனுக்குத் தமிழ் அவ்வளவா வராது.
புள்ளைங்களுக்கு அவர் இங்கிலீஷ் வெளங்கல.
நான் நடுவுல நின்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."
எத்தனை நாள்?
"அவர் இருந்த வரைக்கும்."
உறையை மடியில் சரிசெய்துகொண்டாள்.
"அப்புறம் புதன்கிழமை மட்டும். இப்பவும்."

இதை ஏன் எழுதவில்லை?
"இதெல்லாம் எழுதலாமா?"

அவள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு
விண்ணப்பத்தில் இல்லாததற்கு
மதிப்பெண் போட விதியில்லை என்றார் ஜெகந்நாதன் சார்,
கொஞ்சம் வருத்தமாகவே.

அந்த நேர்க்கோட்டின் மேல்
என் கோணல் எழுத்தில் எழுதினேன்:
வரிசை எண் ஏழின் கோப்பு,
பக்கம் பதினான்கு, இடது ஓரம் பார்க்கவும்.
கீழே, சமவெளியில், யார் பிரித்துப் பார்ப்பார்களோ.

பையனின் ஒன்பதை இன்னொரு முறை பார்த்தேன்.
திருத்தவில்லை.
ஹீட்டரை என் பக்கம் சற்று இழுத்துக்கொண்டு
அடுத்தவரை அனுப்பச் சொன்னேன்.