இதழகல்

லோவெல் ப்ரோகோப்புக்கு உதடுகள் இருந்தன,
மீசைக்குக் கீழே, சாதாரணமாக, இரண்டு.
சாப்பிடவும் சிகரெட்டைக் கவ்வவும் உதவின.
தொழிலுக்கு அவை தேவைப்படவில்லை.

நெப்ராஸ்காவின் மாவட்டச் சந்தைகளில் தொடங்கினான்.
பன்றி எடைப் போட்டிக்கும் டிராக்டர் பந்தயத்துக்கும் நடுவே
பதினைந்து நிமிடம்.
மடியில், லாரி டியூபை வெட்டித் தைத்த ஒரு காகம்.
பெயர் அகதா.
அது அலகைத் திறந்தால்
அந்த வருடம் ரேடியோவில் யார் பாடினாரோ
அவரே பாடினார்.
சோள விவசாயிகள் தொப்பியைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.
அங்கே அதுதான் கைதட்டல்.

அந்தப் பக்கம் குயில் கிடையாது.
காகத்தின் கூட்டில் குயில்முட்டை வைக்க
ஒரு மனிதன் வேண்டியிருந்தது.

உதடு ஒட்டினால் பிழைப்பு போயிற்று.
பி வரும் இடத்தில் நாக்கால் தட்டி ஒரு டி.
எம்முக்கு என்.
‘பேபி’ இல்லாத காதல் பாட்டு உண்டா அந்த நாட்டில்?
‘டேடி, டேடி’ என்று நாற்பது வருடம் உருகினான்.
எல்லோர் காதிலும் பேபி என்றே விழுந்தது.
காது இரக்கமுள்ள உறுப்பு.

இதையே நம் புலவர்கள்
இதழகல் என்று பெயரிட்டு, சவாலுக்குப் பாடினார்கள்.
இவன் வயிற்றிலிருந்து
வயிற்றுக்காகப் பாடினான்.

காகம் பேசுவது இப்படி இருக்கும்:

காசு கொடுத்தீர்களே, சிரிக்கத்தானே?
இந்த ஆள் குளிர்ந்த கையை எனக்குள் நுழைக்கிறான்.
அழத்தான் நினைக்கிறேன்.
தாளத்தில் அழுகிறேன், கேளுங்கள்.

(சொல்லிப் பாருங்கள். உதடு ஒட்டாது.)

பிறகு ஒரு சுற்றுலாக் கப்பல்.
பிறகு ரீனோ, காசினோவின் பின்கூடம்,
சுவருக்கு அந்தப் பக்கம் சூதாட்ட இயந்திரங்களின் மணி.
இடையில் பெர்னடீன் அவனை விட்டுப் போனாள்.
சண்டையிலும் அவன் வாய் அசையவில்லையாம்.
எந்தப் பக்கம் பார்த்துக் கத்துவது
என்று கேட்டாளாம் நீதிபதியிடம்.

கடைசிப் பாட்டு எப்போதும் ஒடெல் கார்மோடியுடையது.
ஒடெலின் வக்கீல் இரண்டு கடிதம் போட்டார்.
அகதா அவற்றை மேடையில் வாசித்தாள்.
நல்ல சிரிப்பு.
மூன்றாவது கடிதம் வரவில்லை.
ஒடெல் வந்தாள்.

வியாழன். இரண்டாம் காட்சி. நான்காம் மேசை.
கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப்.
அறுவை சிகிச்சைக்குப் பிறகு
காகிதம் உரசுவது போல்தான் பேசுகிறாள்
என்று பத்திரிகையில் வந்திருந்தது.

காகம் பாடியது.
இரண்டாம் அடி தாண்டியபோது லோவெல் பார்த்தான்,
அவள் உதடுகள் அசைந்தன.
ஒவ்வொரு பியும், ஒவ்வொரு எம்மும்,
ஒட்டி, பிரிந்து, ஒட்டி.
அவன் வாழ்நாளெல்லாம் தாண்டிப்போன எழுத்துகள்
வரிசையாக அந்த முகத்தில்.

குரல் இங்கே.
வாய் அங்கே.
நடுவில் காகம்,
யாருக்கும் வேண்டாத பொருளாய்.

அலகை அசைக்க மறந்தான்.
பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
இதுவும் ஒரு வேடிக்கை என்று கூட்டம் சிரித்தது.

பரிசாரகன் ஒரு காகிதக் கைத்துண்டைக் கொண்டுவந்தான்.
‘மூன்றாம் அடியில் சீக்கிரமாக மூச்சு எடுக்கிறாய்.
நான் எடுத்ததே இல்லை.’
கையெழுத்து இல்லை. நன்றியும் இல்லை.
இரண்டு ஜின்
அவன் கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

இப்போது அந்த அடியில் அவன் மூச்சு எடுப்பதில்லை.
அறுபத்தாறு வயது நுரையீரல்.
கழுத்து சிவந்து, கண்ணில் நீர் கட்டிவிடும்.
என்ன உருக்கம் என்று
முன்வரிசையில் மூக்கை உறிஞ்சுகிறார்கள்.

அகதா தலையைத் திருப்பி
அவர்களைத் திருத்துகிறாள்:
இல்லை, காற்று தீர்ந்தது.