மூன்றாம் எண் உலர்த்தி

வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு
கிரிம்ஸ்பி துறைமுகச் சாலையில்
பிக்கரிங்கின் சலவைக்கடையை உள்ளே பூட்டிக்கொண்டு
ஒன்பது உலர்த்திகளின் வயிற்றையும் திறப்பேன்.
சாவி என்னிடம். காசு பிக்கரிங்குடையது.
கண் மட்டும் என் சொந்தம்.

வாளியில் கொட்டும்போது ஆலங்கட்டி மழை.
மேசையில் பரப்பினால் மீன்செதில்.
ஒவ்வொன்றாகப் புரட்டுவேன்,
தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை.

பதினோரு வருடத்தில் கிடைத்தவை:
போலந்துக் காசு இரண்டு,
குழாய் வாஷர்கள் ஒரு கைப்பிடி,
கிளீதார்ப்ஸ் ராட்டினத்தின் பித்தளை வில்லை,
யாரோ கடித்துப் பார்த்த ஒரு பொத்தான்.

தேடியது வேறு.
ஏழு முனை, இருபது பென்ஸ், ஆண்டு கிடையாது.
அச்சு மாற்றிய சமயத்தில் நடந்த பிசகு:
தலை பூவை நம்பிற்று,
பூ தலையை நம்பிற்று,
பிறந்த வருடத்தை இருவருமே போடவில்லை.
அந்த மறதிக்கு இன்று ஐம்பது பவுண்டு தருகிறார்கள்.
என் மறதிகளுக்கு நான்தான் கட்டியிருக்கிறேன்,
விவாகரத்து வக்கீல் கூலி உட்பட.

நேற்று இரவு, மூன்றாம் எண்ணின் பெட்டியில்,
எல்லாவற்றுக்கும் மேலே, அது.

கத்தவில்லை. எழுந்து போய் முகம் கழுவினேன்.
திரும்பி வந்து மறுபடி பார்த்தேன்.
இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை.
என் பையிலிருந்து ஓர் இருபதை வாளியில் போட்டேன்.
இருபதுக்கு இருபது. யாருக்கும் நட்டமில்லை.
இந்தச் சட்டத்தை நானே எழுதி
நானே கையெழுத்திட்டுப் பதினோரு வருடமாகிறது.

காலையில் கதவைத் திறக்குமுன்பே
லியான் டாஸ்கர் நின்றுகொண்டிருந்தாள்,
மீன் ஆலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு,
இரவு ஷிஃப்ட் கண்ணோடு.

"நேற்று பையனின் பள்ளி ஸ்வெட்டர் பாதி ஈரம்.
இன்னும் ஏழு நிமிடச் சூடு வேண்டியிருந்தது.
சில்லறை தீர்ந்துவிட்டது.
ஜிப் அறையில் தனியாக ஒன்று வைத்திருந்தேன்,
வருசம் போடாத காசு. அதைப் போட்டுவிட்டேன்.
பார்த்தீர்களா?"

கையை நீட்டினாள். உள்ளங்கையில் வேறொரு காசு.
"இருபதுக்கு இருபது. யாருக்கும் நட்டமில்லையே."

என் வாக்கியம்.
எழுத்துப் பிசகாமல் என் எதிரிலேயே நிற்கிறது.

வங்கிக்குப் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தது அந்தச் சொல்.
சட்டைப்பையில் இருப்பது ஐந்து கிராம்தான்,
ஆனாலும் ஒரு தோள் சாய்ந்தது.

"காய்ந்ததா?" என்றேன்.
"என்ன?"
"ஸ்வெட்டர்."
"கையில் கொஞ்சம் ஈரம். அப்படியே போட்டுக்கொண்டு போய்விட்டான்."

எடுத்துக் கொடுத்தேன்.
வாளியிலிருந்து அல்ல, சட்டைப்பையிலிருந்து
எடுத்ததை அவள் பார்த்தாள்.
பையை ஒருமுறை, என் முகத்தை ஒருமுறை.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது.

ஜிப் மூடும் சத்தம்.
பூட்ஸ் இரண்டும் ஈரத் தடம் வைத்துப் போயின.

அவள் தந்ததை, பழக்கதோஷம்,
பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு.
நான்கு எண்ணும் தெளிவாக இருந்தன.
மதியம் ரொட்டிக்குக் கொடுத்தேன்.
கடைப்பெண் திருப்பிக்கூடப் பார்க்காமல்
கல்லாவில் எறிந்தாள்.