உச்சரிக்கப்படாத எழுத்து

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் இரவு பதினொரு மணி.
காற்று கொடிக்கம்பங்களைப் பிடித்து உலுக்குகிறது.
காலைப் படகு ஓடாது.
நாற்பத்தேழு பயணிகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான்.

எனக்கு நிரல் தெரியாது, டிக்கெட் கிழிக்கத் தெரியும்.
மார்யுனுக்குத் தெரியும்.
ஒத்திகைக்குத் தனக்கே ஒரு கடிதம் அனுப்பினாள்.
வந்தது:
அன்புள்ள      ,
நாளைய படகு      .
பல் விழுந்த வாய்
சிரித்ததுபோல் இருந்தது.

வார்ப்புருவில் இரட்டை அடைப்புக்குள்
'பயணி பெயர்' என்று இருந்தது.
பட்டியலிலோ 'பயணியின் பெயர்'.
ஓர் 'இன்' குறைந்ததற்குக் கத்தியிருக்கலாம்,
சிவப்பாகச் சிணுங்கவாவது செய்திருக்கலாம்.
தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல்
வெற்றிடத்தை நீட்டிவிட்டு நகர்ந்துவிடும் குணம் அதற்கு.
மேலாளர் ஓலவுருக்கும் அதே குணம் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

'இன்' சேர்த்தாள்.
படகின் நிலைக்கு மேலே ஒரு நிபந்தனை சேர்த்தாள்.
இப்போது கத்தியது:
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் பிழை.
கோப்பில் இருப்பதே இருநூற்றுப் பதினொன்று.
இல்லாத வரியில் என்ன பிழை?
எங்கோ இடித்தால் எங்கோ பெய்யும்.
மேலே, மேலே, இன்னும் மேலே போய்
முப்பத்தொன்றாம் வரியில் பிடித்தாள்:
'காற்று பலமானது எனில்'
திறந்தது திறந்தபடி கிடந்தது.
எங்காவது மூடுவார்கள் என்று
கடைசிவரை நம்பிப் போயிருக்கிறது, பாவம்.
"யார் எழுதினது?"
"நான்தான். இப்போதுதான்."

மூடினாள். சேமித்தாள். பக்கத்தைப் புதுப்பித்தாள்.
அதே பொக்கைவாய்.
ஒரு வரியை முழுதாக அழித்துப் பார்த்தாள்.
அழித்த வரியும் வந்து நின்றது,
செத்தவன் பெயரில் சம்பளம் போவதுபோல.
பழைய நகலை எங்கோ பதுக்கிவைத்து
அதையே பரிமாறிக்கொண்டிருக்கிறது கேஷ்.
காலிசெய்ய ஒற்றைக் கட்டளை போதும்.
அந்தச் சந்தேகம் வர அரைமணி நேரம் ஆனது.
நான் இரண்டு முறை வெளியே போய்ப்
படகின் கயிறுகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் ஐந்து கடிதங்களை விட்டோம்.
ஐந்தே நிமிடத்தில் தொலைபேசி.
ஏயுன், மீன்பண்ணை இரவுக்காவல்.
"என் பெயருக்கு நடுவில் என்ன குப்பை?"
ஓர் 'அண்ட்' குறி, மூன்று எழுத்து, ஓர் அரைப்புள்ளி.

அவர் பெயரில் குறுக்குக்கோடு போட்ட ஓர் எழுத்து உண்டு.
எங்கள் தீவுகளில் அதை யாரும் உச்சரிப்பதில்லை,
எழுதுவோம், தாண்டிப் போவோம்.
எழுதாவிட்டால் மட்டும் அது அவர் பெயர் இல்லை.
விஷமோ என்று பயந்து
பட்டியல் அதை ஒருமுறை உறையிலிட்டது.
உறையே விஷமோ என்று
வார்ப்புரு அந்த உறையை இன்னோர் உறையிலிட்டது.

"அறுபது வருஷமாக யாரும் சொல்லாத எழுத்து.
உங்கள் இயந்திரம்தான் முதலில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது.
போகட்டும், விடுங்கள்" என்றார்.
மார்யுன் விடவில்லை. ஓர் உறையை உரித்தாள்.
"அந்த ஐந்து பேருக்கும் மறுபடி அனுப்பவா?"
தூங்கட்டும் என்றேன். நான்தான் சொன்னேன்.

ஒன்று நாற்பதுக்கு மிச்ச நாற்பத்திரண்டும் போயின.
அடியில் மொத்தம்: சுழியம்.
சுற்றுக்குள் எண்ணியது சுற்றோடு கரைந்துவிடுமாம்,
வெளியே வரும்போது கை காலி.
"அதை நாளைக்குப் பார்ப்போம்."
நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டேன்.

ஐந்து மணிக்குக் காற்று
சொல்லாமல் கொள்ளாமல் நின்றது.
படகுத் தலைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.
மேல்தளத்தில் ஒரு குஞ்சு இல்லை.
மார்யுன் முப்பத்தொன்றாம் வரியைத் திறந்து பார்த்தாள்.
காற்று பலமானது எனில், படகு ஓடாது.
முடிந்தது.
'இல்லையெனில்' என்று ஒன்றை
அவள் எழுதியிருக்கவே இல்லை.

எதிரே, கால்சோய் கரையில்,
ஒருவர் மட்டும் பையோடு நின்றிருந்தாராம்.
கடிதம் வரவில்லையா என்றதற்கு
வந்தது,
ஆனால் அது என் பெயருக்கு இல்லையே
என்றாராம் ஏயுன்.