முதல் துளை

வெண்டல் பன்னிரண்டு காந்தம் வாங்கி வந்தான்.
"துளையே வேண்டாம், ஒட்டினால் போதும்."
ஒவ்வொன்றாக வைத்தான்.
ஒவ்வொன்றாக விழுந்தது.
அலுமினியத்துக்குக் காந்தத்தின் மேல் ஒரு ஆசையும் இல்லை.
கடைசிக் காந்தத்தை லாரிக் கதவில் ஒட்டிவிட்டு
உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

அரிசோனா, மார்ச் கடைசி.
கேம்பருக்குள் நூற்றிரண்டு,
குழந்தைக்கு என்றால் டாக்டரிடம் ஓடுகிற சூடு.
அதனால் வெளியே இருந்தேன்
மேற்குச் சுவரின் நிழலில்.
காலையில் அது ஒரு கட்டில் அகலம்,
பத்தரைக்கு ஒரு பலகை,
பன்னிரண்டுக்கு ஒரு கயிறு.
கயிற்றின் மேல் எப்படி உட்கார?
மாலையில் கிழக்கே நிழல் விழும்,
அங்கே பிராகமோன்டேயின் ஜெனரேட்டர் உறுமும்.
மூன்று வாரமாக அவரோடு பேச்சில்லை.

நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
எனக்கு ரசீதில் தெரிந்தது:
பழுப்புத் தார்ப்பாய், எட்டுக்குப் பத்து,
ஓரமெல்லாம் பித்தளைக் கண்;
கதவுக்கு மேலே பொருத்த ஒரு அலுமினியச் சட்டம்;
பெயின்ட் உருளை மாட்டும் நீளக் கம்பு இரண்டு
(கூடாரக் கம்பு மூன்று மடங்கு விலை);
சூயிங்கம் மாதிரி சாம்பல் நிற ஒட்டுநாடா;
திருகாணி பதினாறு.
தொண்ணூற்று மூன்று டாலர், சில்லறை.

"ஓட்டை போட்டால் ஒழுகும்" என்றான் வெண்டல்.
இங்கே மழை பெய்து ஏழு மாதம்.
ஆனால் அவன் மொன்டானாக்காரன்,
பனி உருகி உத்தரத்துக்குள் இறங்கியதைப் பார்த்தவன்.
வீட்டை விற்றபோது வந்தவர்கள்
ஜன்னலைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை,
படுக்கையறைக் கூரையின் பழுப்புக் கறையைப் பார்த்தார்கள்,
எட்டாயிரம் குறைத்தார்கள்.
தெரிந்துதான் ஏணியில் ஏறினேன்.

ஆணியால் முதலில் ஒரு சின்னக் குழி,
முனை வழுக்காமலிருக்க.
பிறகு விசையை அழுத்தினேன்.
அலுமினியம் கத்தியது,
உள்ளே வெண்டலும்.
சுருள் சுருளாய் உதிர்ந்த தூள்
மணிக்கட்டைச் சுட்டது.
துளையிலிருந்து மர வாசனை,
பென்சில் சீவியது போல, ஈரமே இல்லாமல்.
"வந்து மோந்து பார்."
வந்தான். மோந்தான்.
ஒன்றும் சொல்லாமல்
மீதிப் பதினைந்துக்கும் நாடா நறுக்கிக் கொடுத்தான்.

கயிறு அவன் வேலை.
வைக்கோல் பாரம் கட்டிய காலத்து முடிச்சு
விரலிலேயே இருந்திருக்கிறது,
அவனைக் கேட்காமல் விழுந்தது.
ஒரு மூலையை மட்டும் ஒரு சாண் தாழ்த்தினான்.
"எதுக்கு?"
"மழைத் தண்ணி வழிய."
கேம்பருக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அத்தனை நிழலும் எங்களுடையது.
இரண்டு நாற்காலி, தண்ணீர்க் கேன், ரேடியோ.
இரண்டு மணிக்கு என் முழங்கால் வெயிலில்.
மூன்றரைக்குப் பார்த்தால்
காசு கொடுத்து வாங்கிய நிழல்
கல் வரிசையைத் தாண்டிப் போய்
பிராகமோன்டேயின் பக்கம் கிடந்தது,
அதில் அவருடைய மூன்று கால் நாய்.
கூப்பிட்டார். அது எழவில்லை.
தானே வந்தார், குனிந்தார்,
தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார்.
"காற்று வரும்" என்றார்.
மூன்று வாரத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

காற்று இரண்டு மணிக்கு வந்தது, இரவு.
தார்ப்பாய் கதவை அறைந்தது,
வட்டிக்காரன் போல.
வெண்டல் உள்ளாடையோடு, நான் செருப்பில்லாமல்.
வெளியே தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு
பிராகமோன்டே ஏற்கெனவே ஒரு கம்பைக்
கட்டிப்பிடித்திருந்தார்.
ஜெனரேட்டர் அணைந்திருந்தது.
அவிழ்த்து, மடித்து,
பறக்காமலிருக்க அதன் மேலேயே உட்கார்ந்தோம் மூவரும்,
மணல் பல்லில் நெறுநெறுக்க.
நாய் இடம் தேடி என் பாதத்தின் மேல் படுத்தது.

"சட்டம்?" என்றான் வெண்டல்.
எழுந்துபோய்த் தடவினேன், இருட்டில்.
பதினாறும் இருந்தன.
ஒரு கம்பு மட்டும் வில்லாக வளைந்திருந்தது.
அதை நிமிர்த்த வேண்டாம் என்றார் பிராகமோன்டே,
அவரிடம் இன்னொன்று இருக்கிறதாம்.