ஒன்பது புள்ளி எட்டு

செக்காலைச் சாலை, இரண்டாம் மாடி.
நகைக்கடன் நிறுவனத்தின் சர்வர் அறையில்
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி.
நிரம்ப நாலு மணி நேரம்.
அதை முதலில் எழுதிக்கொண்டேன்,
எந்தக் கட்டத்திலும் அடங்காது என்று தெரிந்தே.

படிவம் கேட்பது சுருக்கம்:
பலவீனம் எது. தாக்குதல் எது.
வந்த வழி. போன பொருள்.
கதவு திறந்து கிடப்பது ஒரு ரகம்,
கள்ளன் நுழைவது வேறு ரகம்,
இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால்
படிவம் சிவக்கும்.

பலவீனம் முதல் நாளே கிடைத்தது.
பெயருக்கு நாற்பது இடம் ஒதுக்கியிருந்தான்
எவனோ ஒரு சென்னைக்காரன்.
இங்கே விலாசம் மட்டுமே
மெ.ராம.சித.பழ.அரு.சு.வெ. என்று ஓடும்,
பெயர் பின்னால் மூச்சிரைத்து வரும்.
நாற்பத்தொன்றாம் எழுத்து
பக்கத்து நினைவகத்தில் கால் வைக்கிறது.
பதினோரு வருஷமாக வைக்கிறது.
திரை உறையும்; சோலைமலை வந்து
அணைத்துப் போடுவான்.
"நீளப் பேர்க்காரர் வந்துட்டுப் போனார்" என்பான்.
விஷயம் தெரிந்தவன் தட்டினால்
அதே எழுத்துகள் கட்டளையாகும்.
மதிப்பெண், பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு.

ஆனால் ஒருவனும் வரவில்லை.
மூன்று இரவு பதிவுகளைப் படித்தேன்,
அந்தக் கதவில் ஒரு விரல்ரேகை இல்லை.
நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம்
வேறு வழியாகப் போயிருந்தது.

காசாளர் அடைக்கம்மை சொன்னார்:
செவ்வாய்க்கிழமை, மூணேகால். ஒரு போன்.
தலைமை ஆபீஸ், ஐடி பிரிவு என்றான்.
வைக்கத்தான் போனேன்.
"ஆச்சி எந்தக் கோயில்?"
மாத்தூர் என்றேன்.
"அட, நானும் மாத்தூர்தான். மணலூர்ப் பிரிவு."
அப்புறம்தான் அந்த ஆறு எண்ணைக் கேட்டான்.
பங்காளியிடம் எப்படி இல்லையென்பது?

வாட்ஸ்அப்பில் சுற்றிய
கும்பாபிஷேக அழைப்பிதழ் ஒன்றில்
அவர் பெயர், ஊர், கோயில், கைபேசி எண்.
கேட்கும் முன்பே அவனிடம் விடை இருந்தது.

பட்டியலில் ஓர் இடம் தயாராக இருக்கிறது:
'மனிதப் பிழை'.
சுட்டி அதன்மேல் நின்றது.
பிழையா?
கேள்வி காலங்காலமாகச் சரி.
விடையும் சரி.
விடை சொன்னவனைச் சோதிக்க மட்டும்
யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.
எழுதியிருந்தால்
கல்யாண வீட்டில் யார் சாப்பிட்டிருப்பார்கள்?
'வடிவமைப்புக் குறை' என்று தட்டினேன்.
அழித்தேன். திரும்பத் தட்டினேன்.

மேலாளர் வயிரவன் திரையை எட்டிப் பார்த்தார்.
"ஒம்போது புள்ளி எட்டு, ஆச்சிக்கா?"
"நீளப் பேருக்கு சார். போனுக்கு மதிப்பெண் கிடையாது."
ரசீது அடுக்கிக்கொண்டிருந்த அடைக்கம்மை
நிமிராமல் சொன்னார்:
"அவுக போனதிலேருந்து
கோயில் கணக்குல நான் அரைப்புள்ளி.
இங்க அதுவும் இல்லியா?"
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு அவரே சிரித்தார்.

இரவு, பேருந்து நிலையம் பக்கத்து மெஸ்ஸில்
இலை போட்டவர் கேட்டார்,
"தம்பிக்கு எந்த ஊரு?"
வாய் திறந்து, மூடினேன்.
ரசக் கரண்டியோடு காத்திருந்தார்.
கோவில்பட்டி என்றேன். உண்மைதான்.
"நம்ம மருமகன் ஊரு" என்று
கூடுதலாக ஓர் அப்பளம் வைத்தார்.

வாளி இந்நேரம் நிரம்பியிருக்கும்.