ஒன்று குறைய நூறு

வியாழன் மாலை ஏழு மணி.
ஃபாரோ தீவுகளின் வடகோடியில்
கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஜெபக்கூடம்.
தார் பூசிய பலகைச் சுவர்.
ஆறு நாற்காலி, ஐந்து பேர்.
ஆறாவதில் ஹானுஸின் ஈரக் கையுறைகள் காய்கின்றன.

இந்த வாரப் பாடம் காணாமற்போன ஆடு.
சுன்வா வாசிக்கிறாள், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து:
நூறு ஆடு உள்ளவன், ஒன்றைத் தொலைத்தவன்,
மற்றதையெல்லாம் வெளியிலேயே விட்டுவிட்டுப் போனவன்.

ஹானுஸ் சிரித்துவிட்டான்.
சிரிக்கலாம். எங்களில் அதிக ஆடு வைத்திருப்பவன் அவன்.
"மூடுபனியில் எவனாவது
தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுப் போவானா?
ஒன்றைத் தேடி வருவதற்குள்
பன்னிரண்டு பாறை விளிம்பில் நிற்கும்.
இதைச் சொன்னவர் தச்சர்.
ஆட்டைப் பற்றி அவருக்கென்ன தெரியும்?"

யாரும் அதட்டவில்லை.
போதகர் மாதம் ஒருமுறைதான் படகில் வருவார்.
அதுவரை கேள்விகளை
நாங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

காப்பி ஊற்றினேன்.
மீன் பண்ணையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
எனக்கும் கணக்கு உதைத்தது.
நூற்றுக்கு ஒன்று கழிவு:
எங்கள் பேரேட்டில் அதற்குத் தனிக் கட்டமே உண்டு.
ஒரு சால்மன் செத்து மிதந்தால்
யாரும் வலையைத் திறந்துபோட்டு அழுவதில்லை.

பிறகு, யாரும் கேட்காமல், ஹானுஸே தொடர்ந்தான்.

"ஒரு தடவை போனேன். நாலு வருஷம் முன்னால், அக்டோபர்.
தொலைந்த ஆடு கத்தாது, தெரியுமா?
மந்தையில் இருக்கும்போது ஓயாமல் கத்தும்.
விளிம்பில் மாட்டிக்கொண்டதும் வாயை மூடிக்கொள்ளும்.
அண்டங்காக்கை எங்கே வட்டமிடுகிறது என்று
பார்த்துத்தான் போகவேண்டும்.
தானாக நடந்தும் வராது. தோளில் போட்டேன்.
நனைந்த கம்பளி என்ன கனம்!
உதைத்தது. முதுகெல்லாம் மூத்திரம் விட்டது.
சந்தோஷத்தோடு சுமந்தானாம்!
பதினோரு நாள் கையைத் தூக்க முடியவில்லை எனக்கு."

கோப்பைக்குள் கொஞ்சநேரம் பார்த்திருந்தான்.

"சுமந்துகொண்டு வரும்போது
மற்றதையெல்லாம் நான் எண்ணவில்லை.
அது மட்டும் உண்மை."

கணப்பு சீறியது.
அதன் எண்ணெய்க்கு வைத்த பணம்தான் மார்ச்சில் குறைந்தது.
முந்நூறு குரோனர். எடுத்தவன் ரோய்.
அழவில்லை, மறுக்கவுமில்லை, தொப்பியைப் பிடித்தபடி நின்றான்.
இனி வரவேண்டாம் என்பதற்கு ஐந்து கை உயர்ந்தது.
எண்ணிச் சொன்னவள் நான்.
என் கையையும் சேர்த்து எண்ணினேன்.

மேய்ப்பன் எங்களோடு இருக்கிறான் என்றுதான்
அன்றிலிருந்து நினைத்திருந்தோம்.
கதையின்படி பார்த்தால்
அவன் அன்றிரவே கிளம்பிப் போய்விட்டான்.
நாங்கள் பனியில்
ஒருவர்மேல் ஒருவர் உரசிக் குளிர்காய்ந்துகொண்டு
ஒன்று குறைய நூறாக நிற்கிறோம்,
முழு மந்தை என்று பேர் வைத்துக்கொண்டு.

சுன்வாவின் கடைசி ஜெபத்துக்கு
நான் கண்ணை மூடவில்லை.

வீட்டுக்கு வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல்
எண்ணை அழுத்தினேன்.
குடாவின் அக்கரையில் அவன் வீட்டு விளக்கு
பனிக்குள் மஞ்சளாக ஊறியிருந்தது.
ஒன்பது முறை மணி அடித்தது.
எடுத்தான். பேசவில்லை.

"ரோய், மார்யுன் பேசுகிறேன்."

பேசவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை
வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.
யார் யாரை என்ற இடத்தில் வாக்கியம் இடறியது.
கத்தாது என்றானே ஹானுஸ்.
வைத்துவிடாமல் இருந்தேன்.

அந்தப் பக்கம் கெட்டில் விசிலடித்தது.
நெடுநேரம் அடித்தது.

"ரோய், தண்ணீர் கொதிக்கிறது."

"ம்."

அடுப்பை அணைக்கப் போகிற காலடி கேட்கிறது.
திரும்பி வரும் காலடிக்கு
ரிசீவரைக் காதோடு அழுத்தி
நின்றுகொண்டே இருக்கிறேன்,
ஒரு கையில் இன்னும் கையுறையோடு.