தெற்கு ஜன்னல்

காபரோன் நகரில் வைரம் தரம் பிரிக்கிறவர்களுக்குத்
தெற்கு ஜன்னல்தான்.
வெயில் நேரே விழாது,
பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம் மேசைக்கு வரும்.
பத்து மடங்கு காட்டும் கண்ணாடியை
இடக்கண்ணில் செருகிக்கொண்டு
பத்தொன்பது வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தேன்.
என் கண்ணுக்குத்தான் சம்பளம்.
மயிரிழையில் பாதி விரிசல்,
ஊசிமுனைக் கரும்புள்ளி,
கல்லின் வயிற்றில் மேகம் போல ஒரு மங்கல்,
எதுவும் என்னைத் தப்பியதில்லை.

வீட்டுக்கு வந்தும் கண்ணாடியைக் கழற்றவில்லையா
என்பாள் மனைவி.
கஞ்சியில் கட்டி, மகன் கையெழுத்தின் கோணல்,
போதகர் மோலெஃபே பிரசங்கத்தில் விழுங்கிவிட்ட ஒரு சொல்.
ஞாயிறுதோறும் மூன்றாவது பெஞ்சில்
குறை எண்ணிக்கொண்டிருந்தவன்
தன்னை விசுவாசி என்றுதான் சொல்லிக்கொண்டான்.

ஒரு ஆகஸ்டில் கணக்கில் ஒரு கல் குறைந்தது.
அரை காரட்கூட இல்லை.
அறையைப் பெருக்குகிறவள் போனாங்.
"நீங்கள் எதையாவது பார்த்தீர்களா?"
பார்க்கவில்லை.
"அந்த மூலையில் குனிந்தாள், பார்த்தேன்" என்றேன்.
பெருக்குகிறவள் குனியாமல் என்ன செய்வாள்?
அது அன்று தோன்றவில்லை.
எட்டு வருஷம் வேலை பார்த்தவளை
மதியத்துக்குள் அனுப்பிவிட்டார்கள்,
சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு.

பதினோரு நாள் கழித்து
என் இழுப்பறையின் பலகை இடுக்கில் அந்தக் கல்.
எடுத்துத் தட்டில் போட்டேன்.
கணக்கு சரியாயிற்று. யாரும் கேட்கவில்லை.
அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அந்தத் தூக்கத்தைத்தான் குருடு என்கிறேன்.

நான்கு வருஷம் போயிற்று.
பெரிய வியாழன் இரவு
பாதம் கழுவ வேண்டியவருக்குப் பல்வலி.
போதகர் துண்டை என் தோளில் போட்டார்.
பன்னிரண்டு நாற்காலி.
தலை நிமிராமல் கழுவிக்கொண்டு போனேன்.
ஆறாவதில் பிளந்த குதிகால்கள்.
பழக்கதோஷம், எண்ணினேன்:
இடதில் மூன்று வெடிப்பு, வலதில் ஐந்து,
கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.
வெடிப்புக்குள் செம்மண்.
தார்ச்சாலையும் பஸ்ஸும் இல்லாத தூரத்திலிருந்து
நடந்து வந்த மண்.

"தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, ஐயா."

அந்தக் குரல்.

போனாங் என்றால் எங்கள் மொழியில்
"பாருங்கள்" என்று அர்த்தம்.
அந்தப் பேரைச் சொல்லித்தான்
குப்பைக்கூடையை எடுக்கச் சொல்வேன்.

கண் கலங்கியது. புறங்கையால் துடைத்தேன்.
அவள் காலின் மண்
கண்ணுக்குள் போய் உறுத்திற்று, எரிந்தது.
ஆண்டவர் ஒரு குருடனுக்குச் சேறு பூசியதைச்
சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.
எந்தத் தெருவில் எடுத்தார்,
யார் மிதித்த மண்,
ஒருநாளும் யோசித்ததில்லை.

சொன்னேன்.
இழுப்பறை, பலகை இடுக்கு, பதினோரு நாள், தூக்கம்.
சபைக்குக் கேட்காது,
அவள் முழங்காலுக்குக் கேட்கிற சத்தம்.
பக்கத்து நாற்காலிக் கிழவர் இருமினார்.
பாட்டு ஒன்று ஆரம்பித்துப் பாதியில் தடுமாறியது.
மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
வெகுநேரம் கழித்து
இன்னொரு காலைத் தொட்டிக்குள் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.
அவர்கள் எனக்குச் செய்தது நியாயம்.
அவளுக்கு நான்கு வருஷச் சம்பளம் வந்ததா என்றால்
பாதி வந்தது. மீதிக்கு இன்னும் அலைகிறோம்,
அவளும் நானும், ஒரே பஸ்ஸில்,
வேறு வேறு சீட்டில்.

இப்போது இடக்கண்ணில் படலம் விழுகிறதாம்.
டாக்டர் காட்டினார்,
கல்லின் வயிற்றில் பார்த்த அதே மேகம்.
ஆபரேஷனுக்கு ஜூலையில் வரச்சொன்னார்.
அதுவரை ஆலயத்தில் எதிர் வரிசை முகங்கள்
எனக்கு நிழல் நிழலாகத்தான்.
குறை எதுவும் தெரியவில்லை.
யார் யார் வரவில்லை என்பது மட்டும்
வந்து உட்கார்ந்ததும்
தெரிந்துவிடுகிறது.